அறையைச் சுற்றிக் காட்டவும்

அறையைச் சுற்றிக் காட்டவும் என்று தட்டுகிறேன்.
டுலூத்தில் எனக்கு இரவு பதினொரு மணி.
ஏரி கரைவரை உறைந்துவிட்டது.
ஜப்பானில், மிசாவா விமானத் தளத்தில்
அவளுக்கு ஏற்கெனவே நாளை, மதியம் இரண்டு.
பள்ளிக்கூடமோ கொலராடோவில் இருக்கிறது.
இருக்கிறது என்றால்
ஒரு அஞ்சல் பெட்டி, பன்னிரண்டு ஆசிரியர்கள்,
நள்ளிரவில் தாழ் போட்டுக்கொள்ளும் ஒரு கடிகாரம்.

கொரீன் டஃபோயா, பதினோராம் வகுப்பு.
மடிக்கணினியை இரண்டு கையாலும் ஏந்தி
மெல்லச் சுற்றுகிறாள்:
ஜன்னல். பனி. கட்டில்.
சுவரோரம் பிரிக்காத ஐந்து அட்டைப் பெட்டிகள்.
அடுத்து என்ன கேட்பேன் என்று தெரிந்து
கேட்கும் முன்பே கூரை.

அவள் முகத்தைவிட அவள் அறைகளை
எனக்கு நன்றாகத் தெரியும்.
முதல் பரீட்சைக்கு மைனாட்: மஞ்சள் சுவர்,
ஜன்னலுக்கு வெளியே மரமே இல்லாத வடக்கு டகோட்டா.
அடுத்தது சியாட்டிலில் ஏதோ விடுதி அறை.
இரண்டாம் கட்டிலில், போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள்.
'அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.'
தம்பி எழுந்து, தலையணையோடு
குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.
இரண்டு மணி நேரம். முக்கோணவியல்.
உள்ளே அவன் என்ன செய்தான் என்று
இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கோப்பில் ஒரே ஒரு வரி:
பெற்றோர் ராணுவப் பணி, நேரச் சலுகை உண்டு.
மீதியை, மென்பொருள் மக்கர் செய்த ஒரு இரவில்
அவளே தட்டினாள்.
டெக்சாஸ் வரலாறு படித்து முடித்தால்
டகோட்டாவில் அது செல்லாக்காசு.
டகோட்டா வரலாறு பாதியில் இருக்கும்போது மாற்றல் உத்தரவு.
உயிரியல் இரண்டு தடவை.
அதே தவளையை மறுபடியும் அறுத்தேன் மேடம்.
அதனால்தான் இந்தப் பள்ளி, இது எங்கள் கூடவே வரும்.
செய்முறைக் குழுவில் ஒருத்தி ஜெர்மனியில், ஒருவன் குவாமில்.
மூவரும் சேர்ந்து விழித்திருப்பது
வாரத்தில் ஒன்றரை மணி.
வேதியியல் பெட்டி மட்டும் இன்னும் வரவில்லை.
சுங்கத்தில் யாரோ அமிலம் என்ற சொல்லைப் பார்த்துப்
பயந்துவிட்டார்கள்.

இன்றைக்கு: 'நாற்காலியில் என்ன?'
'அம்மாவின் ஜாக்கெட்.'
'எடுத்துவிடவும்.'
பெயர்ப்பட்டை மேலே தெரிய மடித்து
கட்டிலில் வைத்தாள்.

இருபத்து மூன்றாம் கேள்வியில்
கதவுக்கு அப்பால் போன் அடிக்கிறது.
ஓடும் காலடி. பிறகு தம்பி:
அம்மா லைன்ல!
என் திரையில் சிவப்புக் கொடி. வேறு குரல்.
அவள் எழவில்லை. எழுந்தால் தேர்வு ரத்து, விதி ஏழு.
கண் மட்டும் கதவுவரை போய்த் திரும்புகிறது.
அதற்கும் ஒரு கொடி. பார்வை விலகல்.

'எங்கிருந்து?' என்று தட்டிவிட்டேன்,
நான் கேட்கக் கூடாத கேள்வி.
'தெரியாது. சொல்ல மாட்டார்கள்.
பதினோரு நாளாச்சு.'

இணைப்புத் துண்டிப்பு, ஒன்பது நிமிடம்
என்று பதிந்தேன்.
'போ.'

காலி நாற்காலியைப் பார்க்க எனக்குச் சம்பளம்.
கேட்கவும்தான். ஒலியை அணைத்தேன்.
அவள் ஜன்னலில் கிடைமட்டமாகப் பனி பெய்தது.
பென்சில் ஒன்று தானாக உருண்டு, நின்றது.

ஆறாவது நிமிடமே வந்துவிட்டாள்.
ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள், கைவிரல் வரை மறைய.
பை வைத்த மேலுடைக்கு அனுமதி இல்லை, விதி மூன்று.
நான் எதுவும் தட்டவில்லை.
இருபத்து மூன்றில் 'இ'யை நீக்கி 'ஆ' என்றாள்.
அது சரியா என்று எனக்குத் தெரியாது,
எனக்கு வேதியியல் வராது.

அந்த நேரம் பார்த்து ஏரியில் பனிக்கட்டி விரிந்து வெடித்தது,
வீடே ஒருமுறை அதிர்ந்தது.
அவள் நிமிரவில்லை.
என் பக்கத்து மைக்
எப்போதுமே அணைந்துதான் இருக்கும்.